கல்லூரி ரிசீவர் என்எஃப்எல்-இல் தேறுவாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது அமெரிக்கக் கால்பந்து. என்எஃப்எல் அதன் தொழில்முறை லீக்; டிராஃப்ட் என்பது அதன் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி எடுக்கும் நிகழ்ச்சி. ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் என்எஃப்எல் டிராஃப்ட் நெருங்கும்போது, "இந்தப் பையன் அங்கே போய் நிற்பானா?" என்ற ஒரே சந்தேகம் பல உருவங்களில் வருகிறது. அதிலும் ரிசீவர்களைப் பற்றித்தான் அதிகம். கல்லூரி ஆட்டத்தில் அவர்களுடைய எண்கள் கண்ணைப் பறிக்கும். அந்த எண்களில் பாதி வீரருடையது, மீதி அவரைச் சுற்றி இருந்த சூழலுடையது. எந்தப் பாதி என்எஃப்எல்-க்குக் கூடவே போகும் என்று பிரிப்பதுதான் வேலை. கேட்டவர்கள் கேட்ட மொழியிலேயே கேள்விகள் கீழே இருக்கின்றன.

1. ரிசீவர்னா பந்தைப் பிடிக்கிறவன்தானே? அதுல கணிக்க என்ன இருக்கு?

பிடிப்பது கடைசி வேலை. அதற்கு முன் மூன்று வேலைகள் உண்டு. எதிரே நின்று தடுக்கும் கார்னர்பேக்கைத் தாண்டி முதல் இரண்டு அடி எடுத்து வைப்பது ரிலீஸ். பந்தை எறியும் குவாட்டர்பேக் எதிர்பார்க்கும் ஆழத்தில், எதிர்பார்க்கும் நொடியில் திரும்புவது ரூட். திரும்பிய பிறகு தடுப்பாளருக்கும் தனக்கும் நடுவே பந்து வந்து விழும் அளவுக்கு இடைவெளி உண்டாக்குவது மூன்றாவது. பிடித்த பின் ஓடுவது இதற்கெல்லாம் மேல் வரும் லாபம்.

நிற்கும் இடமும் முக்கியம். 'எக்ஸ்' என்பவர் ஆட்டம் தொடங்கும் கோட்டின் மேலேயே நிற்பார். கார்னர்பேக் நேராக அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளலாம். 'இசட்' ஓர் அடி பின்னால் நிற்பதால் ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் நொடிக்கு) முன் நகர்ந்து தப்பிக்கலாம். ஸ்லாட் ரிசீவர் உள்ளே நிற்பதால் இரு பக்கமும் திரும்ப இடம் இருக்கும். கல்லூரியில் எந்த இடத்தில் நின்று யார்டு எடுத்தார் என்பது பின்னால் பல பதில்களில் திரும்ப வரும்.

2. காலேஜ்ல 1,500 யார்டு எடுத்தவன் அங்கே 800-ஆவது எடுக்க மாட்டானா?

எடுக்காமலும் போகலாம். (ஒருவர் பிடித்த பாஸ்களால் அணி முன்னேறிய தூரமே அவருடைய யார்டு; ஒரு யார்டு 3 அடி.) நெவாடாவின் டிரெவர் இன்ஸ்லி 1999-இல் ஒரே பருவத்தில் 2,060 யார்டு எடுத்தார். டிராஃப்டில் எந்த அணியும் அவரை அழைக்கவில்லை. வெஸ்டர்ன் மிச்சிகனின் கோரி டேவிஸ் கல்லூரி வாழ்வில் மொத்தம் 5,285 யார்டு எடுத்து, 2017-இல் 5-ஆவதாகத் தேர்வானார். என்எஃப்எல்-இல் ஒரு பருவம்கூட 1,000 யார்டைத் தொடவில்லை.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். ஒஹாயோ ஸ்டேட்டின் மைக்கேல் தாமஸ் கடைசிக் கல்லூரிப் பருவத்தில் எடுத்தது 781 யார்டு. என்எஃப்எல் முதல் பருவத்திலேயே 1,137. அதே கல்லூரியின் டெரி மெக்லாரின் 2018-இல் 35 கேட்ச், 701 யார்டு; அடுத்த ஆண்டு வாஷிங்டன் அணியில் 919. மொத்தத்தை மட்டும் வைத்து ஒரு பட்டியல் போட்டிருந்தால் இந்த இருவரும் அடியில் கிடந்திருப்பார்கள்.

3. மைதானம் ஒண்ணு, பந்து ஒண்ணு. அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்?

மைதானத்தின் அகலம் ஒன்றுதான், 160 அடி. ஆனால் ஒவ்வொரு பிளேயும், அதாவது ஒவ்வொரு தாக்குதல் முயற்சியும், எங்கிருந்து தொடங்கும் என்பதைக் குறிக்கும் ஹாஷ் கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்-இல் 18 அடி 6 அங்குலம். பந்து கல்லூரி ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 20 யார்டும் மறுபக்கம் 33 யார்டுக்கு மேலும் கிடைக்கும். அந்த அகலப் பக்கத்தில் தனியாக நிற்கும் ரிசீவரைச் சமாளிக்கத் தடுப்பணி திண்டாடும். என்எஃப்எல் ஹாஷில் அது ஏறத்தாழ 23.5-க்கு 30 யார்டு. அவ்வளவு வெற்றிடம் கிடைக்காது.

ஓரக்கோட்டில் பிடிக்கும்போது கல்லூரியில் ஒரு பாதம் உள்ளே பட்டால் போதும். என்எஃப்எல்-இல் இரண்டும் படவேண்டும். கல்லூரியில் முன்னால் பாஸ் போடும்போது தாக்குதல் வரிசைக்காரர்கள் 3 யார்டு வரை முன்னேறலாம், என்எஃப்எல்-இல் 1 யார்டுதான். ஓட்டமா பாஸா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் பிளேக்கள் கல்லூரியில் கொழுத்து வளர இது பெரிய காரணம். கோட்டுக்குப் பின்னால் பிடிக்கப்படும் ஸ்கிரீன் பாஸுக்குக் கல்லூரியில் மற்ற ரிசீவர்கள் பந்து காற்றில் இருக்கும்போதே முன்னால் போய்த் தடுக்கலாம். அதையே என்எஃப்எல்-இல் கோட்டிலிருந்து 1 யார்டுக்கு அப்பால் செய்தால் தவறு. ஆகவே ஸ்கிரீனில் வந்த யார்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

ஒரு விதி மட்டும் ரிசீவருக்குச் சாதகமாகத் திரும்புகிறது. என்எஃப்எல்-இல் 5 யார்டைத் தாண்டியபின் தடுப்பாளர் கை வைக்கக் கூடாது. கல்லூரியில் பந்து காற்றில் ஏறும்வரை முன்னால் நிற்பவர் தடுத்துத் தள்ளலாம். அந்த முதல் 5 யார்டில்தான் பலருடைய கதை முடிகிறது, ஏனென்றால் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட முதல்தரக் கல்லூரி அணிகளின் கார்னர்பேக்குகளில் வடிகட்டிய சிலர்தான் 32 அணிகளில் எதிரே நிற்கிறார்கள். பந்தும் ஒன்றல்ல. அது 14-ஆம் பதிலில்.

4. மொத்த யார்டு வேண்டாம்னா எந்த எண்ணைப் பார்க்கணும்?

பங்கைப் பாருங்கள். அணி பாஸில் எடுத்த யார்டில் இவர் பங்கு எவ்வளவு, பாஸ் டச்டவுனில் (பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி) பங்கு எவ்வளவு, இரண்டின் சராசரி என்ன. உதாரணக் கணக்கு: அணி 3,500 யார்டு, 28 டச்டவுன். இவர் 1,050 யார்டு, 7 டச்டவுன். முதலாவது 30 சதவீதம், இரண்டாவது 25 சதவீதம், சராசரி 27.5. பொதுவாக 30-ஐத் தாண்டினால் அணியின் முதல் ஆயுதம் இவர்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். 20-க்குக் கீழே இருந்தால் ஏன் என்று கேட்டே ஆகவேண்டும். காயத்தால் சில ஆட்டங்கள் ஆடவில்லை என்றால், அவர் ஆடிய ஆட்டங்களின் அணிக் கணக்கை மட்டும் கீழே போடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்.

பங்கு ஏன் உதவுகிறது என்பதற்கு டெமேரியஸ் தாமஸைப் பாருங்கள். 2009-இல் ஜார்ஜியா டெக் ஓட்டத்தையே நம்பிய அணி. அவர் பிடித்தது 46 கேட்ச், 1,154 யார்டு. எண் சிறியதாகத் தெரியும், ஆனால் அது அணியின் பாஸ் யார்டில் பாதிக்கும் மேல். 2010-இல் டென்வர் 22-ஆவதாக எடுத்தது. 2012 முதல் 2016 வரை தொடர்ந்து ஐந்து பருவம் 1,000 யார்டைத் தாண்டினார்.

டச்டவுன் ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்கும். அது தொந்தரவாகத் தோன்றினால், ரிசீவரின் யார்டை அணி முயன்ற மொத்தப் பாஸ்களால் வகுங்கள். மேலே சொன்ன அணி 420 பாஸ் போட்டிருந்தால் 1,050-ஐ 420-ஆல் வகுக்க 2.5 வரும். அது நல்ல எண்.

5. 'ரூட்டுக்கு எத்தனை யார்டு'ன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது இதைவிட நல்லதா?

பல சமயம் ஆம். ரிசீவர் ரூட் ஓடிய ஒவ்வொரு முறையும் கணக்கில் வரும். பந்து வராத ரூட்டும் வரும். 300 ரூட் ஓடி 900 யார்டு என்றால் 3.0. கல்லூரியில் 2 என்பது சாதாரணம், 2.5 நல்லது, 3-ஐத் தாண்டினால் உயர்ந்த ரகம் என்பது புழக்கத்தில் உள்ள தோராய அளவு. பந்து வராததற்கும் ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் அவர் தடுப்பாளரிடமிருந்து விலகாததுதான். அந்தத் தோல்வியை மொத்த யார்டு மறைத்துவிடும். இந்த எண் மறைக்காது.

இரண்டு கோளாறுகள் உண்டு. ஸ்கிரீன் அதிகம் போடும் அணியில் இது வீங்கும். செப்டம்பரில் சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்த பலவீனமான எதிரணிகளுக்கு எதிராக இரண்டு ஆட்டம் ஆடினாலும் வீங்கும். அந்த ஆட்டங்களை நீக்கி மறுபடி வகுத்துப் பாருங்கள். 3.2 சட்டென்று 2.1 ஆனால் விஷயம் புரிந்துவிடும்.

6. வயசை ஏன் இவ்வளவு பிடிச்சுத் தொங்குறீங்க? 21-க்கும் 23-க்கும் என்ன பெரிய வித்தியாசம்?

23 வயது ஆள் 19 வயது கார்னர்பேக்கை உடல் பலத்தால் தள்ளிவிட்டுப் பிடிக்கிறார் என்றால் அது திறமையா, நாலு வருட உடற்பயிற்சியா என்று பிரிக்க முடியாது. 19 வயதில் 22 வயதுக்காரர்களைத் தாண்டுகிறவரிடம் அந்தச் சந்தேகமே எழாது. ஜமார் சேஸ் 2019-இல் எல்எஸ்யு-வுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 84 கேட்ச், 1,780 யார்டு, 20 டச்டவுன் எடுத்தபோது அவருக்கு வயது 19. அதனால்தான் 4-ஆம் பதிலின் பங்குக் கணக்கை, "முதன்முதலில் 20 சதவீதத்தைத் தாண்டியபோது வயது என்ன?" என்ற கேள்வியோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். 19, 20 நல்லது. 22 என்றால் காரணம் வேண்டும்.

கல்லூரியில் ஆட அனுமதிக்கப்பட்ட ஆண்டுகளின் கணக்கில் கோவிட் ஆண்டு சேராததால் 24 வயதுவரை கல்லூரியில் ஆடியவர்கள் அதன்பின் நிறைய வந்தார்கள். அணி மாறுவது எளிதானதும் இன்னொரு குழப்பம். பிறந்த தேதியைப் பார்க்காமல், 'நாலாம் ஆண்டு மாணவர்' என்ற சொல்லை மட்டும் நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

விதிவிலக்குகள் உண்டு. கூப்பர் கப் 24 வயதில் என்எஃப்எல் முதல் ஆட்டம் ஆடினார். ஆனால் அவர் கல்லூரியில் முதல் பருவத்திலிருந்தே அள்ளிக்கொண்டிருந்தவர். தாமதமாக மலர்ந்தவர் அல்ல.

7. மூணு வருஷம் சும்மா இருந்துட்டுக் கடைசி வருஷம் மட்டும் வெடிச்சவனை நம்பலாமா?

அந்த ஆண்டு என்ன மாறியது என்று தேடுங்கள். மூத்த ரிசீவர் வெளியேறி இடம் காலியானதா? சரி, ஒத்துக்கொள்ளலாம். புதுப் பயிற்சியாளர் வந்து ஆட்டமுறையே மாறியதா? எச்சரிக்கை. குவாட்டர்பேக் மாறினாரா? பாதி பாதி.

பிரையன் தாமஸ் ஜூனியர் முதல் வகை. எல்எஸ்யு-வில் 2023-இல் மட்டும் 1,177 யார்டு, 17 டச்டவுன். மறுபக்கம் மாலிக் நேபர்ஸ் நின்றபோதே அதை எடுத்தார். ஜாக்சன்வில்லில் முதல் பருவம் 1,282. டெனசியின் ஜேலின் ஹயட் கதையில் ஆட்டமுறைக்குப் பெரிய பங்கு. அவரைப் பற்றி அடுத்த பதிலில்.

8. 'அது சிஸ்டம் போட்ட யார்டு'ன்னு சொல்லி ஆளையே தள்ளிடுறாங்க. இது நியாயமா?

பாதி நியாயம். எந்த சிஸ்டம், அது ரிசீவரிடமிருந்து எதை ஒளித்து வைக்கிறது என்று சொல்லாமல் வெறுமனே சிஸ்டம் என்பது சோம்பேறித்தனம்.

பேய்லர், பிறகு பயிற்சியாளர் ஜாஷ் ஹைபலின் டெனசி போன்ற அணிகளில் ரிசீவர்கள் ஓரக்கோட்டை ஒட்டி மிக அகலமாக நிற்பார்கள். தடுப்பணி இழுபட்டு நடுவில் ஓட்டை விழும். கார்னர்பேக் பின்வாங்கி நின்றால் முன்னால் நில், முன்னால் நின்றால் தாண்டி ஓடு என்ற மாதிரியான தெரிவு ரூட்டுகளே அதிகம். பந்து வராத பக்கத்து ரிசீவர் பல பிளேக்களில் மெதுவாக நடந்து ஓய்வெடுப்பார். ஹயட் 2022-இல் 1,267 யார்டு, 15 டச்டவுன் எடுத்தார். அலபாமாவுக்கு எதிராக மட்டும் ஐந்து டச்டவுன். ஸ்லாட்டில் நின்றதால் அவரைக் கை வைத்துத் தடுத்தவர்கள் சொற்பம். நியூயார்க் ஜயன்ட்ஸ் மூன்றாம் சுற்றில் எடுத்தது. முதல் பருவம் 373 யார்டு, இரண்டாவது 62. பேய்லரின் கோரி கோல்மன் 2015-இல் 20 டச்டவுன் பிடித்து, சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதும் வாங்கினார். 15-ஆவதாக எடுத்த கிளீவ்லேண்டில் இரண்டு பருவத்தில் மொத்தம் 718 யார்டு.

மறுபாதிக்கு வெஸ் வெல்கரைச் சொல்லவேண்டும். டெக்சஸ் டெக்கின் பாஸ் மழையில் வளர்ந்தவர் என்பதால் 2004-இல் யாரும் எடுக்கவில்லை. பிறகு ஐந்து பருவங்களில் 100 கேட்சைத் தாண்டினார். அந்த ஆட்டமுறையில் ரூட் குறைவு, ஆனால் ஒவ்வொரு ரூட்டிலும் தடுப்பணியைப் படித்து நிற்பதா ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அந்தத் திறமை கூடவே போனது.

சோதிக்கும் வழி இது: மூன்று ஆட்டங்களில் அவர் ஓடிய ரூட்டுகளை ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். ஸ்லான்ட், கர்ல், கம்பேக், டிக், அவுட், போஸ்ட், கார்னர், கோ. எட்டில் மூன்றுதான் தென்பட்டால் மற்ற ஐந்தும் 'தெரியாது' என்ற கணக்கில் சேரும். தெரியாதது வேறு, முடியாதது வேறு.

9. ஒரே காலேஜ்ல நாலு நல்ல ரிசீவர் இருந்தா பங்குக் கணக்கு என்ன ஆகும்?

உடைந்துபோகும். 2019 அலபாமாவில் ஜெரி ஜூடி, ஹென்றி ரக்ஸ், டிவான்டா ஸ்மித், ஜேலன் வாடில் நால்வரும் ஒரே அணி; நால்வரும் பின்னர் முதல் சுற்றில் போனார்கள். யாருடைய பங்கும் பெரிதாக இருக்க வழியில்லை. இந்த மாதிரி இடங்களில் 5-ஆம் பதிலின் ரூட் கணக்குக்கு அதிக எடை கொடுங்கள். பங்குக்குத் தண்டனை கொடுக்க வேண்டாம்.

ஆனால் நல்ல கூட்டத்தில் இருந்தவர் எல்லாரும் நல்லவர் என்றும் ஆகாது. 2019 எல்எஸ்யு-வில் சேஸ், ஜஸ்டின் ஜெபர்சன், டெரஸ் மார்ஷல் மூவரும் குவாட்டர்பேக் ஜோ பர்ரோவிடம் பந்து வாங்கினார்கள். மார்ஷல் அந்தப் பருவம் 13 டச்டவுன் பிடித்தார். தடுப்பணி சேஸையும் ஜெபர்சனையும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பிடித்தவை அதில் எத்தனை என்பதே கேள்வி. என்எஃப்எல்-இல் அவர் நிலைக்கவில்லை.

10. சின்னக் காலேஜ்ல ஆடினவனை எப்படி எடை போடுறது?

இரண்டு நிபந்தனைகள் போடுங்கள். ஒன்று, தன் மட்டத்தில் சும்மா நன்றாக ஆடினால் போதாது. அங்கே யாருமே நெருங்க முடியாதபடி இருக்க வேண்டும். ஜெரி ரைஸ் 1984-இல் மிசிசிப்பி வேலி ஸ்டேட்டில் 27 டச்டவுன் எடுத்தார். கூப்பர் கப் ஈஸ்டர்ன் வாஷிங்டனில் மொத்தம் 428 கேட்ச், 6,464 யார்டு, 73 டச்டவுன். இரண்டு, பெரிய அணியோடு ஆடிய ஓரிரு ஆட்டங்களில் எண் சரியக் கூடாது. கப் 2015-இல் ஆரிகனுக்கு எதிராக 15 கேட்ச், 246 யார்டு எடுத்தார். பெரிய அணிகள் வந்தாலும் அவர் ஆட்டம் மாறவில்லை என்பது அங்கேயே தெரிந்தது.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டிய இடம், கல்லூரியை முடிக்கும் வீரர்களுக்காக அலபாமாவின் மொபீல் நகரில் நடக்கும் சீனியர் பௌல் பயிற்சி வாரம். ஆட்டத்தைவிட, ஒருவருக்கு ஒருவர் நேருக்கு நேர் நிற்கும் பயிற்சிதான் முக்கியம். அதிலும் ஒரு சாய்வு இருக்கிறது: உதவிக்கு வேறு தடுப்பாளர் இல்லாத வெற்று மைதானத்தில் ரிசீவர் எப்போதும் அழகாகவே தெரிவார். அதனால் அங்கே தோற்பவரைப் பார்த்துக் கவலைப்படுங்கள். ஜெயிப்பவரைப் பார்த்துத் துள்ள வேண்டாம்.

11. 40 யார்டு ஓட்டத்துல 4.3 நொடிக்குக் கீழே வந்துட்டா போதுமா?

போதாது. ஜான் ராஸ் 2017-இல் 4.22 ஓடி 9-ஆவதாகப் போனார். முதல் பருவத்தில் ஒரு கேட்ச்கூட இல்லை. டேரியஸ் ஹேவர்ட்-பே 2009-இல் 4.30 ஓடி 7-ஆவதாகப் போனார். முதல் பருவம் 9 கேட்ச், 124 யார்டு. அந்தப்பக்கம் ஆன்குவான் போல்டின் 4.7-ஐ ஒட்டி ஓடி இரண்டாம் சுற்றில் 54-ஆவதாகப் போய், 2003 முதல் பருவத்திலேயே 101 கேட்ச், 1,377 யார்டு எடுத்தார். கப் 4.62; 2021-இல் கேட்ச், யார்டு, டச்டவுன் மூன்றிலும் அவரே முதலிடம்.

வேகத்தை ஒரு வாசல் மாதிரி வையுங்கள். வெளியே நிற்கும் ரிசீவர் 4.6-க்கு மேல் போனால், வீடியோவில் ரிலீஸும் திரும்பும் கூர்மையும் மிகத் தெளிவாக இருந்தால் ஒழிய உள்ளே விடாதீர்கள். வாசலைத் தாண்டிவிட்டால் அதன்பின் 4.45-க்கும் 4.38-க்கும் மதிப்பெண் போடுவது வீண்.

எடையோடு சேர்த்துப் பார்ப்பது கொஞ்சம் மேல். பந்தைக் கையில் வாங்கி ஓடும் வீரர்களுக்காக உருவான ஒரு கணக்கு உண்டு: எடையை (பவுண்டில்) 200-ஆல் பெருக்கி, நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். டிகே மெட்காஃப் 228 பவுண்டில் 4.33 ஓடினார், கணக்கு ஏறத்தாழ 130. 2024-இல் 4.21 ஓடிச் சாதனை படைத்த சேவியர் வொர்தி 165 பவுண்டு, 105. நேரத்தில் பின்தங்கியவர் கணக்கில் எவ்வளவு முன்னே போகிறார் பாருங்கள். அதே மெட்காஃப் கூம்புகளைச் சுற்றித் திரும்பி ஓடும் சோதனையில் 7.38 நொடி எடுத்ததால் பல அணிகள் தயங்கின, 64-ஆவது வரை சரிந்தார். அவருடைய ஆட்டத்துக்குச் சட்டென்று திரும்புவது மையம் அல்ல. அந்தச் சோதனை அவருக்குத் தப்பான சோதனை.

12. ஆள் ரொம்ப ஒல்லி. அடி தாங்குவானா?

டிவான்டா ஸ்மித் 166 பவுண்டில் போய் முதல் பருவம் 916 யார்டு எடுத்தார். எடையைவிட, யாராவது அவர்மேல் கை வைக்க முடிந்ததா என்பதைப் பாருங்கள். ஒல்லியானவர் எதிரியைத் தொடவிடாமல் விலகினால் பிரச்சினை இல்லை. தொட்டதும் ரூட்டை விட்டு இரண்டு அடி ஒதுங்கினால் பிரச்சினை உண்டு.

13. வீடியோ பார்க்கச் சொல்றீங்க. எதை, எப்படிப் பார்க்கிறது?

யூடியூபில் வரும் சிறந்த தருணங்களின் தொகுப்பு உதவாது. அதில் அவர் தோற்ற பிளே ஒன்றுகூட இருக்காது. நான்கு முழு ஆட்டங்கள் எடுங்கள்: மிக வலுவான எதிரணிகள் இரண்டு, அவருடைய எண் மோசமாக இருந்த ஆட்டம் ஒன்று, சாதாரண ஆட்டம் ஒன்று. தொலைக்காட்சிப் படம் ஸ்னாப்பான ஒரு நொடியில் ரிசீவரை விட்டுவிடும், அதனால் 22 பேரும் தெரியும் உயரக் கோணம் கிடைத்தால் அதுவே வேண்டும். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு பிளேக்கும் பின் வரும் மறு ஒளிபரப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். எங்கே நின்றார், எதிரே இருப்பவர் ஒட்டி நின்றாரா தள்ளி நின்றாரா, எதிரணி ஆளுக்கு ஆள் காத்ததா, ஆளுக்கு ஓர் இடம் என்று பிரித்துக் காத்ததா, திரும்பும்போது விலகினாரா, பந்து வந்ததா. கடைசிக் கட்டத்தை மறைத்துவிட்டு விலகினாரா என்பதை மட்டும் எண்ணுவது மிக நல்ல பழக்கம். ஒட்டி நின்று காத்த ரூட்டுகளில் பாதிக்கு மேல் விலகுகிறவர் அரிது. நான்கு ஆட்டத்திலும் அப்படிப்பட்ட ரூட்டே ஐந்தாறுதான் இருக்கிறது என்றால், 8-ஆம் பதிலில் சொன்ன 'தெரியாது' கணக்கில் இதையும் சேருங்கள்.

திரும்பும் இடத்தில் காலைப் பாருங்கள். முழு வேகத்தில் வந்து கர்ல் ரூட்டில் நிற்க மூன்று காலடி போதுமானவர் நல்லவர். ஐந்தாறு குட்டி அடி வைப்பவர் தான் திரும்பப் போவதைக் கார்னர்பேக்குக்குச் சொல்லிவிடுகிறார். திரும்புமுன் நெஞ்சு நிமிர்ந்தாலும் அதே காட்டிக்கொடுப்பு. நீண்ட ரூட்டில், கார்னர்பேக்கைத் தாண்டிய பிறகு அவருக்கு நேர் முன்னால் வந்து பாதையை அடைக்கிறாரா, பக்கத்திலேயே ஓடுகிறாரா என்பதைக் கவனியுங்கள். பக்கத்தில் ஓடினால் பந்துக்கு இருவரும் சமமாகப் போட்டியிட வேண்டிவரும்.

அடுத்தது பலரை ஏமாற்றும் விஷயம். தடுப்பாளர் முதுகில் தொங்கும்போதே எம்பிப் பிடிக்கும் கேட்ச்கள் அழகானவை. அவை நிறைய இருந்தால், அவர் விலகவே இல்லை என்றுதான் முதல் அர்த்தம். நிக்கீல் ஹாரி, லக்வான் டிரெட்வெல், அர்சேகா-ஒயிட்சைட் மூவரும் கல்லூரியில் இப்படி எம்பிப் பிடித்தே பேர் வாங்கினார்கள். மூவரும் முதல் இரண்டு சுற்றுகளில் போனார்கள், மூவரும் தேறவில்லை. என்எஃப்எல் கார்னர்பேக்கும் எம்புவார்.

14. கேட்ச் நிறைய விடுறான். கழிச்சுக் கட்டிடலாமா?

அவசரப்பட வேண்டாம். விட்டதை, பிடித்தது கூட்டல் விட்டதால் வகுங்கள். 60 பிடித்து 6 விட்டால் 9.1 சதவீதம். அதில் இரண்டு குறைந்திருந்தால் 6.3. இரண்டே பந்துகளில் நல்லவர் கெட்டவராகும் எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. எப்படி விட்டார் என்று பாருங்கள்: பிடிக்குமுன் ஓடப் பார்த்துத் தலையைத் திருப்பியதால் விட்டதைத் திருத்தலாம், கையை நீட்டாமல் ஒவ்வொரு பந்தையும் நெஞ்சுக்கு விட்டுப் பிடிப்பவரை மாற்றுவது கடினம்.

சேஸ் 2021 பயிற்சி ஆட்டங்களில் அடுத்தடுத்து விட்டபோது பெரிய கூச்சல். கல்லூரிப் பந்தின் முனைகளில் வெள்ளைக் கோடு உண்டு, என்எஃப்எல் பந்தில் இல்லை, அதனால் வரும் பந்தைக் கண்ணால் பிடிப்பது கடினம் என்று அவரே சொன்னார், கேலிக்கும் ஆளானார். அந்தப் பருவம் 81 கேட்ச், 1,455 யார்டு, 13 டச்டவுன்.

15. குவாட்டர்பேக் சரியில்லாததால யார்டு குறைஞ்சதுன்னா?

அதே குவாட்டர்பேக்கிடம் வாங்கிய மற்ற ரிசீவர்களோடு ஒப்பிடுங்கள். 4-ஆம் பதிலின் பங்கு அதற்காகத்தான். பங்கும் குறைவு என்றால் குவாட்டர்பேக்கைக் குறை சொல்ல முடியாது.

16. டிராஃப்ட்ல எத்தனாவதா போனான்கிறதை வெச்சே சொல்லிடலாமே?

அது பலமான அடையாளம்தான், இரண்டு காரணங்களுக்காக. உங்களுக்குக் கிடைக்காத மருத்துவ அறிக்கையும் நேர்காணலும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. முதல் சுற்று ஆளுக்கு அணி வாய்ப்பு மேல் வாய்ப்பு கொடுக்கும். ஆறாம் சுற்று ஆள் மூன்று பந்து விட்டால் வீட்டுக்குப் போகலாம்.

ஆனாலும் 2020-இல் ஜெபர்சனுக்கு முன் ரக்ஸ், ஜூடி, சீடீ லாம்ப், ஜேலன் ரேகர் நால்வர் எடுக்கப்பட்டார்கள். எல்எஸ்யு-வில் கடைசிப் பருவம் ஸ்லாட்டிலேயே நின்றதால் வெளியே நிற்பாரா என்ற சந்தேகம் இருந்தது. 22-ஆவதாகப் போய் முதல் பருவம் 1,400 யார்டு. பூக்கா நகூவா 2023-இல் 177-ஆவது. முதல் பருவம் 105 கேட்ச், 1,486 யார்டு. அவருக்குக் கல்லூரியில் காயங்களால் மொத்த எண் சிறியது, ரூட்டுக்கு எடுத்த யார்டு பெரியது. 5-ஆம் பதிலைப் படித்தவருக்கு அது வியப்பாக இருந்திருக்காது.

17. முதல் வருஷம் சொதப்பிட்டான். எத்தனை வருஷம் பொறுக்கிறது?

இரண்டு பருவம் பொறுங்கள். அதற்குள் யார்டு வராவிட்டாலும் களத்தில் நிற்கும் நேரம் கூட வேண்டும். டவான்டே ஆடம்ஸ் முதல் இரண்டு பருவம் 446, 483 யார்டு. மூன்றாவதில் 997, 12 டச்டவுன். அந்த இடைக்காலத்திலும் கிரீன் பே அவரைக் களத்திலிருந்து எடுக்கவில்லை. டிரெட்வெல் முதல் பருவம் ஒரே கேட்ச், 15 யார்டு. அவருக்குக் களமே கிடைக்கவில்லை. பயிற்சியாளர்கள் தினமும் பார்க்கிறார்கள், அவர்கள் யாரை நிறுத்துகிறார்கள் என்பது யார்டைவிட முன்னதாகவே பேசும்.

18. கையில பந்தைக் கொடுத்தாலும் ஓடுறான், கிக் ரிட்டர்னும் பண்றான். இவனை ரிசீவராத்தான் எண்ணணுமா?

ஓட்டத்தையும் ஸ்கிரீனையும் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். டேவான் ஆஸ்டின் 2013-இல் 8-ஆவதாகப் போனார். வெஸ்ட் வர்ஜீனியாவில் வெட்டவெளியில் யாரும் அவரைப் பிடிக்க முடியாது. என்எஃப்எல்-இல் முதல் பருவம் 40 கேட்சுக்கு 418 யார்டு. வெட்டவெளியை உண்டாக்கிக் கொடுத்தால்தான் அவர் ஆபத்தானவர், அதற்கு வாரா வாரம் தனி பிளே தேவை. டீபோ சாமுவேல் 2021-இல் 365 யார்டு ஓடினார், ஆனால் அதே பருவம் 1,405 யார்டு பிடித்தும் எடுத்தார். சவுத் கரோலினாவிலேயே அவர் ஸ்லான்ட், டிக் ரூட்டுகளில் கூட்டத்துக்கு நடுவே பிடித்துக் காட்டியவர், 214 பவுண்டு வேறு.

19. டிராஃப்டுக்கு முந்தின வருஷம் ஆடவே இல்லை, இல்லைன்னா காயம். எந்த எண்ணை எடுக்கிறது?

கடைசியாக முழுமையாக ஆடிய பருவத்தை எடுங்கள். வயதையும் அந்தப் பருவத்தின் வயதாகவே போடுங்கள். சேஸ் 2020-இல் ஆடவில்லை, 19 வயது எண்ணே அவருடைய எண். ஜாக்சன் ஸ்மித்-நிஜிக்பா 2021-இல் ஒஹாயோ ஸ்டேட்டில் 1,606 யார்டு. கேரட் வில்சனும் கிரிஸ் ஒலாவேயும் அதே அணியில் இருந்தார்கள், இருவரும் அடுத்த டிராஃப்டில் 10, 11-ஆவதாகப் போனவர்கள். 2022-இல் தொடைத் தசைக் காயத்தால் மொத்தம் 5 கேட்ச். அந்த ஐந்தையும் சேர்த்துச் சராசரி போட்டவர்கள் ஏமாந்தார்கள். சியாட்டிலில் முதல் பருவம் 628, இரண்டாவது 1,130.

காயம் எந்த இடம் என்பதைப் பொறுத்து எச்சரிக்கை மாறும். தோள், கை உடைந்தால் எலும்பு சேர்ந்ததும் கதை முடிந்தது. ஒரே காலில் திரும்பத் திரும்ப வரும் தசைக் காயம் வேகத்தையே தின்னும். வெஸ்ட் வர்ஜீனியாவின் கெவின் ஒயிட் 4.35 ஓடி 2015-இல் 7-ஆவதாகப் போனார். முழங்காலுக்குக் கீழ் எலும்பில் தொடங்கிய காயங்கள் அடுத்தடுத்து வந்து, சிகாகோவில் மொத்தம் 25 கேட்ச். அதை எந்தக் கல்லூரி எண்ணும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது.